ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு படுக்கையறை கோ-ஆப்: வாங்கலாமா, விலகிப் போகலாமா?

ஏழாம் நம்பர் ரயில்:
நியூயார்க், குயின்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ். ஆறு மாடிப் பழைய செங்கல் கட்டடம், நாலாவது மாடி, ஒரு படுக்கையறை. 3,85,000 டாலர் கேட்கிறார்கள். மாத மெயின்டனன்ஸ் 960. கோ-ஆப் என்பதால் 20 சதவீதம் கையிலிருந்து போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். இப்போது பக்கத்துத் தெருவில் 2,400 வாடகை கொடுக்கிறேன். எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. 74ஆம் தெரு ஸ்டேஷனுக்கு நடை தூரம், அங்கிருந்து மன்ஹாட்டன் ஆபீஸுக்கு ஒரே ரயில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எடிசன்காரர்:
தம்பி, வேண்டாம். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் வாங்கப் போவது வீடே இல்லை. கட்டடம் முழுக்க ஒரு கம்பெனி பேரில் இருக்கும். அதில் உங்களுக்குச் சில பங்குகள், அந்தப் பங்குக்காக ஒரு குத்தகைப் பத்திரம். அவ்வளவுதான். கிட்டத்தட்ட நாலு லட்சம் டாலர் கொடுத்துவிட்டு, சமையலறைக் குழாயை இடம் மாற்றக்கூட போர்டிடம், அதாவது கட்டடத்தை நடத்தும் பங்குதாரர் குழுவிடம், மனுப் போட வேண்டும். பல பழைய கட்டடங்களில் வீட்டுக்குள் வாஷிங் மெஷினே கூடாது, அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்க வேண்டும். அந்தப் போர்டு உங்களை நேர்காணல் செய்து, காரணமே சொல்லாமல் 'முடியாது' என்று சொல்லலாம். 1979இல் முன்னாள் அதிபர் நிக்சனையே ஒரு கோ-ஆப் திருப்பி அனுப்பியது. 1985இல் பாடகி மடோனாவை சான் ரெமோ கட்டடம் வேண்டாம் என்றது. உங்களுக்கும் எனக்கும் என்ன கதி?

தோட்டத்து ஜன்னல்:
நிக்சனும் மடோனாவும் வராத கோ-ஆப் விவாதம் உண்டா! அவர்கள் போனது மன்ஹாட்டனில் பெரும் பணக்காரர் கட்டடங்களுக்கு. குயின்ஸில் போர்டு என்றால் ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ், ஒரு கணக்கர். மூன்று வருடம் எங்கள் போர்டில் நானே பொருளாளராக இருந்தேன். நாங்கள் பார்த்ததெல்லாம் இரண்டு வருட வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, கம்பெனிக் கடிதம். வருமானத்தில் மாதச் செலவு 30 சதவீதத்துக்குள் நிற்கிறதா, வாங்கி முடித்த பிறகும் கையில் ஒரு வருடச் செலவுக்குப் பணம் மிஞ்சுமா, இவைதான் கேள்வி. ஒவ்வொரு கட்டடமும் ஒரு அளவு வைத்திருக்கும். ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், நேர்காணல் வரை போய்த் திரும்ப வேண்டாம்.

விசா பற்றி: குடியுரிமையையோ விசா நிலையையோ காட்டி மறுப்பது நியூயார்க் நகரச் சட்டப்படி குற்றம்.

எடிசன்காரர்:
குற்றம்தான் அக்கா. காரணமே சொல்ல வேண்டாத இடத்தில் அதை எப்படி நிரூபிப்பது? அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஊரின் வரலாற்றையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு அந்த ஊரைக் கட்டிய குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன், நடுவில் தோட்டம் விட்ட அந்தக் கட்டடங்களைக் கோ-ஆப்பாக விற்றபோது, யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இடமில்லை என்பதே நடைமுறை. யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் இந்த அமைப்போடு கூடப் பிறந்தது.

தோட்டத்து ஜன்னல்:
சரி, உண்மைதான். நிரூபிப்பது கஷ்டம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். லிஃப்டில் ஒரு மாடி ஏறுவதற்குள் ஸ்பானிஷ், வங்காளம், நேபாளி மூன்றும் காதில் விழும். விலக்கி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் இப்போது போர்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு வருடம் முன்பு கட்டியவன் கெட்டவன் என்பதற்காக, நடுவில் அவன் விட்டுப்போன தோட்டத்தை நான் ஏன் வேண்டாம் என்பேன்? 1993இல் அந்தப் பகுதியை வரலாற்றுச் சிறப்பு வட்டாரமாக நகரமே அறிவித்தது.

வாடகையே போதும்:
வரலாற்றுச் சிறப்பு என்றால் ஜன்னல் மாற்றக்கூட நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டுக் கணக்குப் போடுவோம்.

20 சதவீதம் என்றால் 77,000 கையிலிருந்து. மீதி 3,08,000 கடன். ஆறரை சதவீத வட்டி, 30 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 1,947. மெயின்டனன்ஸ் சேர்த்தால் 2,907. இதில் அசலில் கழிவது முதல் வருடத்தில் மாதம் 290 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. மீதி 2,600க்கு மேல் வட்டியாகவும் மெயின்டனன்ஸாகவும் கரைந்துவிடும். நீங்கள் 2,400 வாடகை கொடுக்கிறீர்கள். ஆக 'வாடகை வீண், தவணை சேமிப்பு' என்பது இங்கே செல்லாது.

ஐந்து வருடத்தில் விற்கிறீர்கள், விலை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று வையுங்கள். அதுவரை அடைத்த அசல் சுமார் 19,700. விற்கும் செலவு: தரகு 5 சதவீதம் என்றால் 19,250. சொத்து கைமாறும்போது கட்டும் நகர, மாநில வரி சேர்ந்து 1.4 சதவீதம், அது 5,390. விற்பவரிடம் கட்டடம் வாங்கிக்கொள்ளும் ஃபிளிப் டாக்ஸ் 2 சதவீதம் இருந்தால் 7,700. மொத்தம் 32,340. வக்கீல் தனி. அசலாகச் சேர்த்ததைவிட விற்கும் செலவு அதிகம்.

தோட்டத்து ஜன்னல்:
கணக்குப்பிள்ளை சார், பாதிக் கணக்கு போட்டிருக்கிறீர்கள். அந்த 960க்குள் கட்டடத்தின் சொத்து வரி, ஹீட்டிங், வெந்நீர், காவலாளி சம்பளம் எல்லாம் அடக்கம். அதில் சொத்து வரிக்கும், கட்டடத்தின் பேரில் உள்ள கடனின் வட்டிக்கும் போகும் பங்கை வருமான வரியில் கழிக்க இடம் உண்டு. இதே இடத்தில் காண்டோ, அதாவது வீடே உங்கள் பேரில் பதிவாகும் வகை, என்றால் முதலில் விலையே எட்டாது. அதற்கு மேல் கடனைப் பதிவு செய்ய 1.8 சதவீத வரி, இந்தக் கடனுக்கே 5,500 டாலர் சொச்சம். கோ-ஆப்புக்கு அது கிடையாது, சொத்துரிமைக்கான டைட்டில் இன்ஷூரன்ஸும் கிடையாது. வாடகை ஐந்து வருடமும் 2,400லேயே நிற்குமா?

கணக்குப்பிள்ளை:
வாடகை ஏறும்தான். மெயின்டனன்ஸும் ஏறும். வரிக் கழிவு, தம்பி மற்ற கழிவுகளோடு சேர்த்துத் தனித்தனியாகக் காட்டினால்தான் கிடைக்கும். பொதுக் கழிவை எடுத்துக்கொண்டால் பூஜ்யம். காண்டோவோடு ஒப்பிட்டால் உங்கள் வாதம் சரி. அவர் கேட்பது வாடகையோடு ஒப்பிட்டு.

எடிசன்காரர்:
கிரீன் கார்டு வரிசையை யாரும் பேசவில்லையே! வேலை போனால் வேறு வேலை பிடிக்க 60 நாள் கெடு. ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் என் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போவேன். கோ-ஆப்பில்? முதல் இரண்டு வருடம் விடவே முடியாது, அதற்கப்புறம் ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் மட்டும் என்பது சாதாரண விதி. சில கட்டடங்களில் உள்வாடகையே கிடையாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு பூட்டிய வீட்டுக்கு மாதம் 2,907 கட்டுவீர்களா?

இன்னொன்று. 2003இல் புல்மன் வழக்கு. ஒரு பங்குதாரரைக் 'கட்டடத்துக்கு ஒவ்வாதவர்' என்று ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது.

தோட்டத்து ஜன்னல்:
புல்மன் வழக்கை முழுசாகச் சொல்லுங்கள். 75 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தவர்கள் கூடிய கூட்டத்தில் அவருக்கு ஆதரவாக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. மாடி வீட்டு வயதான தம்பதிமீது அவர் சுமத்திய புகார்களும் போட்ட வழக்குகளும் அப்படி. சாம்பார் வாசனைக்காக யாரையும் துரத்தவில்லை.

உள்வாடகை விஷயத்தில் எடிசன்காரர் சொல்வது நியாயம். தம்பி, அந்த விதியைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆனால் உள்வாடகையைக் கட்டுப்படுத்துவதால்தான் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் தங்குகிறார்கள், முதலீட்டுக்காரர்கள் வாங்கிக் குவிப்பதில்லை, விலையும் இந்த அளவில் நிற்கிறது. அந்த விலைக்காகத்தானே நீங்களும் வந்தீர்கள்?

இரண்டு வருட ஆடிட் கணக்கை வாங்கி அடிக்குறிப்புகளைப் படியுங்கள். கட்டடத்தின் பேரில் உள்ள கடன் எப்போது முடிகிறது என்று அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் பத்து வருடக் கடன், முடியும்போது புதுசாக எடுக்க வேண்டும். 40 லட்சம் டாலர் கடன் மூன்றரை சதவீதத்திலிருந்து ஆறுக்குப் போனால் வருடத்துக்கு 1 லட்சம் கூடுதல் வட்டி. 80 வீடு என்றால் வீட்டுக்கு மாதம் நூறு டாலருக்கு மேல். அந்த 960 அப்புறம் 960 இல்லை. பாய்லர் எண்ணெயிலா, கேஸிலா என்றும் கேளுங்கள். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கார்பன் வெளியேற்ற வரம்பு வந்துவிட்டது. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம், 2030இல் வரம்பு இன்னும் இறுகும். ஆறு மாடி என்பதில் ஒரு லாபம்: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் முகப்புச் சோதனைச் சட்டம் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். சாரம் கட்டும் செலவு அடிக்கடி வராது.

வாடகையே போதும்:
இவ்வளவு வேலை வைக்கிற வீட்டை வாங்கவா இத்தனை நாள் சேமித்தார்?

எடிசன்காரர்:
நியூஜெர்சியில் எங்கள் எடிசனுக்கு வாருங்கள் தம்பி. தனி வீடு, தோட்டம் உங்கள் தோட்டம்.

தோட்டத்து ஜன்னல்:
சொத்து வரியையும், மன்ஹாட்டனுக்குத் தினம் போய்வரும் நேரத்தையும் கூடவே சொல்லி அழையுங்கள். இங்கிருந்து அதே ஏழாம் நம்பர் ரயிலில் ஃபிளஷிங் போனால் பௌன் தெருப் பிள்ளையார் கோயில், கீழே கேன்டீனில் தோசை. கார் இன்ஷூரன்ஸ் என்ன விலை என்றே எனக்குத் தெரியாது.

ஏழாம் நம்பர் ரயில்:
எல்லோருக்கும் நன்றி. ஏஜென்டிடம் கேட்டேன். உள்வாடகை: இரண்டு வருடம் குடியிருந்த பிறகு, அதிகபட்சம் இரண்டு வருடம். ஃபிளிப் டாக்ஸ் 2 சதவீதம். ஆடிட் கணக்கு அனுப்பியிருக்கிறார். கட்டடக் கடன் அடுத்த வருடம் மார்ச்சில் முடிகிறது, வட்டி 3.6. ரிசர்வ் நிதி 3,10,000, மொத்தம் 72 வீடு. 3,60,000க்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
கடன் மொத்தம் எவ்வளவு? இதுவரை வட்டி மட்டும் கட்டினார்களா, அசலும் சேர்த்தா? அது தெரியாமல் விலை சொல்லாதீர்கள்.

எடிசன்காரர்:
3,40,000இல் ஆரம்பியுங்கள். அப்போதும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.