கியூபா பேஸ்பால் வீரர்களுக்கு அமெரிக்காவில் எது கடினமாக இருந்தது?

கொழிஞ்சாம்பாறை மாஷ் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கேரளப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் உண்டு என்பதால், தமிழ்வழிப் பிள்ளைகளை வைத்து ஒரு சிறிய அணியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் அணியில் மிக நன்றாக மட்டை வீசும் பையன் ஒருவன் தெற்கே உள்ள ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்வானான். பதினேழாம் நாள் காலையில் டிரங்குப் பெட்டியோடு பள்ளி வாசலில் வந்து நின்றான். அவன் பேசும் மலையாளத்தைக் கேட்டு விடுதியில் சிரித்திருக்கிறார்கள். அங்கே போடுகிற சிவப்பு மட்டைச் சோறும் இறங்கவில்லையாம். (பாலக்காட்டு மட்டை என்று அந்த அரிசிக்கு ஊரெல்லாம் பெயர், எங்கள் வீடுகளிலோ வெள்ளைப் புழுங்கலரிசிதான்.) இதைவிட எனக்கு வருத்தம் தந்தது, அந்தப் பதினேழு நாளில் அவன் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னதுதான்.

எங்கள் ஊர் வாசகசாலையின் சுவரில் காஸ்ட்ரோ, சே குவேரா படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கியூபாவிலிருந்து மேஜர் லீக் எனப்படும் அமெரிக்காவின் முதல்நிலைத் தொழில்முறை பேஸ்பால் போட்டிகளுக்குப் போன வீரர்கள், மொழி தெரியாமல், ஊருக்குத் திரும்பவும் வழியில்லாமல், எப்படி அங்கே நிலைகொண்டார்கள்? அவர்களுக்கு உண்மையில் கடினமாக இருந்தது ஆட்டமா, வாழ்க்கையா? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

குப்பம் ரயிலடி:

மாஷே, வணக்கம். நான் ஆந்திர எல்லையில் குப்பத்துக்காரன். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பேசி வளர்ந்தவன் என்பதால் உங்கள் பையனின் சங்கடம் எனக்குப் புதிதன்று. ஆனால் கியூபாக்காரர்களின் கதையை மொழியிலிருந்து தொடங்கினால் பாதி விட்டுப்போகும். அவர்களுடைய துன்பம் அமெரிக்க மண்ணை மிதிப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

புரட்சிக்குப் பிறகு 1961ஆம் ஆண்டில் கியூபா அரசு தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. அதன் பிறகு உருவான தேசியத் தொடரில் மாகாண அணிகளே ஆடின. ஆட்டக்காரர்களுக்கு அரசு தரும் சிறிய ஊதியம்தான். ஆட்டத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது: ஒலிம்பிக்கில் 1992, 1996, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தங்கம் அவர்களுக்கே. ஆனால் அமெரிக்காவில் ஆட விரும்பியவர் நாட்டை விட்டு ஓடிப்போனவராகவே கருதப்பட்டார். பல ஆண்டுகளுக்கு வீட்டுப்படி ஏற முடியாது. 1991இல் ரெனே அரோச்சா என்ற பிட்சர் (பந்து போடுபவர்) மயாமி விமான நிலையத்தில் தேசிய அணியை விட்டு விலகி நடந்ததுதான் பிற்காலத்தவர்களுக்கு வழிகாட்டியது.

அடுத்த சிக்கல் அமெரிக்கச் சட்டமும் லீக் விதியும் சேர்ந்து செய்தது. பொருளாதாரத் தடை இருப்பதால், கியூபாவில் குடியிருக்கும் ஒருவரோடு எந்த அமெரிக்க அணியும் ஒப்பந்தம் போட முடியாது. நேராக அமெரிக்காவுக்கே வந்து குடியேறினாலோ, ஆண்டுதோறும் நடக்கும் வீரர் தேர்வுக்குள் அவர் அடங்கிவிடுவார். தேர்ந்தெடுக்கும் ஓர் அணியோடு மட்டுமே பேரம் பேசலாம். மூன்றாவது நாடு ஒன்றில் குடியிருப்பு அனுமதித் தாள் வாங்கிக்கொண்டால் எல்லா அணிகளும் போட்டி போட்டு விலை சொல்லும். ஆகவே மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, ஹெய்ட்டி, கோஸ்ட்டா ரிக்கா என்று சுற்றுவழி பிறந்தது. 2009இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் அணி தங்கியிருந்த விடுதியை விட்டு வெளியேறிய அரோல்டிஸ் சாப்மன், ஐரோப்பாவின் சிறிய நாடான அண்டோராவில் குடியிருப்பு அனுமதி பெற்ற பிறகே சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் சேர்ந்தார்.

இந்தச் சுற்றுவழியில் ஆள்கடத்துகிறவர்கள் புகுந்துகொண்டார்கள். வீரரின் வருங்காலச் சம்பளத்தில் பெரும்பங்கு கேட்டார்கள். ஹோசே அப்ரேயு 2013இல் ஹெய்ட்டியிலிருந்து மயாமிக்குப் பறந்தபோது, போலிக் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைக் கிழித்து, விமானத்தில் கொடுத்த பியரோடு கொஞ்சம் கொஞ்சமாக மென்று விழுங்கியதாக 2017இல் மயாமி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அப்போது அவருடைய சிறு மகன் கியூபாவில் இருந்தான். சிகாகோ வைட் சாக்ஸ் அணி அவரை ஆறு ஆண்டுகளுக்கு 68 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்திருந்தது. 2014இல் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. மகனை நேரில் பார்த்தது, மேஜர் லீக் குழுவோடு 2015 டிசம்பரில் ஹவானா போனபோதுதான். இடையில் இருந்த இரண்டு ஆண்டுகளை அவர் எப்படி ஆடிக் கடந்தார் என்பதே எனக்கு வியப்பு.

இந்தக் கொடுமையை நிறுத்துவதற்காக 2018 டிசம்பரில் மேஜர் லீக்கும் கியூபா பேஸ்பால் கூட்டமைப்பும் ஓர் உடன்படிக்கை செய்தன. 2019 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்துவிட்டது.

ஆரியங்காவுக் கணவாய்:

குப்பத்து அண்ணன் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மாஷ் கேட்டது பையன் ஏன் பந்தை அடிக்கவில்லை என்பதையும் சேர்த்து. நான் செங்கோட்டையில் இருந்துகொண்டு மலைக்கு அந்தப்புறம் புனலூரில் கிரிக்கெட் ஆடியவன். பேஸ்பாலைப் பின்னிரவில் உட்கார்ந்து பார்க்கிறவன். ஆட்டத்தின் கடினத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, மட்டை வீசுபவர் நிற்கும் ஹோம் பிளேட் 18.44 மீட்டர்தான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 நொடி ஆகிறது. கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்பும்போது வேகம் கொஞ்சம் குறையும், நமக்கு ஒரு சிறிய தகவலும் கிடைக்கும். இங்கே பந்து காற்றிலேயே வளைந்து மறைகிறது. அந்த வேகத்தில் பந்து போடுபவர்கள் கியூபாவிலும் இருந்தார்கள், ஆனால் எண்ணிக்கை குறைவு. அமெரிக்காவில் ஓர் அணியில் ஒருவர் களைத்தால், அதே வேகத்தில் இன்னொருவர் பின்னாலிருந்து எழுந்து வருவார். ஆட்டங்களோ பருவத்துக்கு 162. கியூபாவில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆகஸ்ட் மாதம் வரும்போது உடம்பு கேட்கும் கேள்விகளுக்கு அதுவரை அவர்கள் பதில் சொல்லிப் பழகியதில்லை.

அதற்கு மேல், பந்து போடுபவர்கள் மட்டை வீசுபவரின் ஆட்டக் காணொளியைப் பார்த்துப் படிக்கிறார்கள். யாசியேல் புய்க் 2013 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்து முதல் மாதத்திலேயே 44 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக முதல் பேஸையாவது அடைவது) அடித்தார். அடுத்த ஆண்டுகளில் அவருக்கு எங்கே பந்து போடக் கூடாது, எங்கே போட வேண்டும் என்று எதிரணிகள் கண்டுபிடித்துவிட்டன. 2016இல் சில வாரம், மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான சிறிய லீக்குக்கு அனுப்பப்பட்டார். மாறாக, அப்ரேயு வெளியே விலகும் ஸ்லைடர் பந்தைத் தொடாமல் விடக் கற்றுக்கொண்டு, எதிர்த்திசையில் அடிக்கவும் பழகி, 2020இல், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். யூலி கூரியெலை நான் இன்னும் மேலே வைப்பேன்: 31 வயதில் நாட்டை விட்டு வந்தவர், 37 வயதில், 2021இல், .319 சராசரியோடு (ஆயிரம் வாய்ப்புக்கு 319 ஹிட் என்ற கணக்கு) அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்தை, அதாவது அதிகச் சராசரிக்கான பட்டத்தை, வென்றார். கியூபாவில் பெயர் பெற்ற குடும்பத்தில் பிறந்தவர், அந்த வயதில் மறுபடி மாணவனாக உட்கார்ந்தது சிறிய காரியமில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாஷ் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிப்புக்குரியதன்று. லீவான் எர்னாண்டஸ் 1995இல் மெக்சிகோவில் அணியை விட்டு விலகி வந்து மார்லின்ஸ் அணியில் சேர்ந்தார். கையில் பணமும் தெருவுக்குத் தெரு பர்கர் கடையும் கண்ட இருபது வயதுப் பையன். 1996இல் எடை ஏறி, ஆட்டம் தடுமாறி, சிறிய லீக்கிலேயே ஒரு படி கீழே இறக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, மேஜர் லீக்கின் இறுதிப்போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரர் அவரே. கடைசி ஆட்டத்துக்கு அவருடைய அம்மாவைக் கியூபாவிலிருந்து வர அனுமதித்தார்கள். ராண்டி அரோசரேனா 2020இல் கொரோனா வந்து தனிமையில் அடைபட்டிருந்தபோது, கோழியும் சோறும் சமைத்துத் தின்று, நாளுக்கு 300 தண்டால் எடுத்ததாகச் சொன்னார். அந்த ஆண்டின் இறுதிச்சுற்று ஆட்டங்களில் அவர் அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்ற அடி) 10. ஒரே ஆண்டின் இறுதிச்சுற்றுகளில் அதற்கு முன் யாரும் அவ்வளவு அடித்ததில்லை.

நகரித் தறிக்காரன்:

எல்லாரும் அண்மைக் காலத்தையே பேசுகிறீர்கள். பழைய தலைமுறையைச் சேர்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் முழுமையாகாது. புரட்சிக்கு முன் போய்வரத் தடையில்லை என்றாலும், கறுப்பு நிறத்தவருக்கு மேஜர் லீக்கின் கதவே திறக்கவில்லை. அடால்ஃபோ லூக்கே போன்ற வெளுத்த நிறத்தவர் மட்டும் ஆட முடிந்தது. (பிட்சரான அவர் 1923இல் 27 ஆட்டங்களை வென்றார்.) மினி மின்யோசோ 1951இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் முதல் கறுப்பின வீரராக இறங்கினார். பிட்சர்கள் அவர் உடம்பைக் குறிவைத்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கே சாட்சி: அமெரிக்கன் லீக்கில் பந்தால் அதிகம் அடிபட்டவர்கள் பட்டியலில் பத்து பருவங்கள் அவர்தான் முதலிடம். அடிபட்ட இடத்தைத் தடவிவிடாமல் ஓடி முதல் பேஸில் நிற்பது அவர் பழக்கம்.

டோனி ஒலிவா 1961இல் தம்பியின் பெயரிலிருந்த தாள்களோடு வந்தார். டோனி என்பதே தம்பியின் பெயர். வர்ஜீனியா மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில், வெள்ளையர் விடுதியிலும் உணவகத்திலும் நுழைய முடியாத காலத்தில், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல், .410 சராசரி அடித்தார். பிறகு 1964, 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் பேட்டிங் பட்டம். அவரும் மின்யோசோவும் 2022இல்தான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். மின்யோசோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

என் மனத்தில் நிற்பவர், பின்னாளில் பாஸ்டன் அணிக்கு ஆடிய பிட்சர் லூயிஸ் தியான்ட். 1961இல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது நாட்டின் கதவு மூடிக்கொண்டது. 46 ஆண்டுகள் கழித்து, 2007இல்தான் மறுபடி கியூபாவை மிதித்தார். அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் காஸ்ட்ரோவிடம் பேசி, 1975இல் அவருடைய பெற்றோரைப் பாஸ்டனுக்கு வரவழைத்தார். தகப்பனாரும் ஒரு காலத்தில், கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்கில் பிட்சர்தான். பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தில் சடங்குக்காக முதல் பந்தைப் போட வந்த அந்தக் கிழவர், மேல்சட்டையைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு, முழுமூச்சாகப் பந்தைப் போட்டார். அந்த இலையுதிர்காலத்து உலகத் தொடரில் தியான்ட் இரண்டு ஆட்டங்களை வென்றார். பெற்றோர் இருவரும் 1976 டிசம்பரில் ஓரிரு நாள் இடைவெளியில் இறந்தார்கள்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

மூவருக்கும் நன்றி. ஆட்டமா வாழ்க்கையா என்று நான் இரண்டாகப் பிரித்துக் கேட்டதே பிழை என்று தெரிகிறது. ஒரு சந்தேகம்: சிகாகோ வைட் சாக்ஸ் என்ற பெயர் மின்யோசோவுக்கும் அப்ரேயுவுக்கும் பொதுவாக வருகிறதே, அது தற்செயலா? இன்னொன்று, வளைந்து விலகும் பந்தை விடக் கற்பதற்கு எங்கள் பள்ளியில், மெஷின் எதுவும் இல்லாமல், செய்யக்கூடிய பயிற்சி உண்டா?

குப்பம் ரயிலடி:

தற்செயல் என்று சொல்ல மாட்டேன், மாஷே. 2005இல் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது ஹோசே கொன்ட்ரேராஸ், ஓர்லாண்டோ எர்னாண்டஸ் என்ற இரண்டு கியூபா பிட்சர்கள் அதில் இருந்தார்கள். அப்ரேயு வந்தபோது அலெக்ஸேய் ராமிரெஸும் தயான் விசியேதோவும் ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் யோவான் மொன்காதாவும் லூயிஸ் ராபர்ட்டும் வந்தபோது அப்ரேயு அவர்களுக்கு மூத்த அண்ணனாக இருந்தார். ஆடுகளத்தின் பக்கத்தில் ஸ்பானிய மொழியில் திட்டவும் ஆறுதல் சொல்லவும் ஓர் ஆள் இருப்பது பெரிய துணை. ஒவ்வோர் அணியும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை முழுநேரமாக வைத்திருக்க வேண்டும் என்று லீக் விதித்ததே 2016இல்தான். என்னைக் கேட்டால், அடுத்த முறை அந்த விடுதிக்கு உங்கள் பள்ளியிலிருந்து ஒருவனாக அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்பப் பாருங்கள்.

ஆரியங்காவுக் கணவாய்:

பயிற்சி உண்டு, மாஷே. பழைய டென்னிஸ் பந்துகள் இருபது எடுத்து, பாதியில் சிவப்பு மையாலும் பாதியில் கறுப்பு மையாலும் ஐம்பது பைசா அளவில் பொட்டு வையுங்கள். பத்து மீட்டர் தூரத்திலிருந்து நீங்கள் கைக்கு அடியில் மெதுவாகப் போட வேண்டும். பையன் மட்டையைத் தோளில் வைத்தபடி, வீசாமல், பொட்டின் நிறத்தை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். நிறம் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு, சிவப்பை அடி, கறுப்பை விடு என்று மாற்றுங்கள். முதல் வாரம் கறுப்பையும் அடிப்பான், திட்டாதீர்கள். காலை வெயில் அவன் கண்ணுக்கு நேரே விழாதபடி மட்டும் நிற்க வையுங்கள்.