நெவாடா ட்ரஸ்ட் போட்டால் கலிஃபோர்னியா வரி குறையுமா?

ஃப்ரீமான்ட்வாசி:
நான் வேலை பார்க்கும் ஸ்டார்ட்அப்பை ஒரு பெரிய கம்பெனி வாங்குகிறது. என் பங்குகளில் சுமார் 20 லட்சம் டாலர் லாபம். கலிஃபோர்னியாவில் மூலதன லாபத்துக்குத் தனிச் சலுகை கிடையாது, சம்பளம் மாதிரியே வரி, மேல்படி 13.3 சதவீதம். மாநிலத்துக்கே இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். கோவிலில் பார்த்த நண்பர், "நெவாடாவில் 'நிங்' ட்ரஸ்ட் போடுங்க, அங்க வருமான வரியே இல்ல" என்கிறார். யாராவது போட்டிருக்கிறீர்களா?

பழைய_நிங்:
நான் 2019-இல் போட்டேன். சொத்தை ட்ரஸ்டுக்குக் கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும், அதுதான் நிங்கின் சூட்சுமம். தானம் முழுமையாகவில்லை என்பதால் கிஃப்ட் டாக்ஸ் இல்லை. ஆனால் ட்ரஸ்ட் தனி ஆளாக வரி கட்டும். அது நெவாடாக்காரர், அதனால் மாநில வரி இல்லை. பணம் எடுக்க ஒரு கமிட்டி சம்மதிக்க வேண்டும். அதில் இருப்பவர்கள் கலிஃபோர்னியாவில் வசிக்கக் கூடாது என்றார் வக்கீல். டல்லாஸ் தம்பியையும் சியாட்டில் அக்காவையும் போட்டேன். என் பணத்தில் மகனுக்குக் கார் வாங்க, "இப்ப எதுக்குடா டெஸ்லா?" என்று அக்கா கேட்ட பிறகுதான் கையெழுத்து வந்தது!

அதெல்லாம் பழைய கதை. ஜூலை 2023-இல் எஸ்பி 131 என்ற கலிஃபோர்னியா சட்டம் வந்தது, அந்த ஆண்டு ஜனவரி 1 முதலே அமல். இப்போது நிங்கின் வருமானம் உங்கள் வருமானமாகவே இங்கே கணக்காகும். நியூயார்க் 2014-லேயே இந்தக் கதவைச் சாத்திவிட்டது. உங்கள் நண்பருக்கு யாரோ பழைய பஞ்சாங்கத்தை விற்றிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
தானத்தை முழுமையாக்கினால் இன்னும் வழி உண்டு. ஆனால் பணம் பிள்ளைகளுக்குத்தான், உங்களுக்குத் திரும்பாது. ட்ரஸ்டி, அதாவது ட்ரஸ்டை நிர்வகிப்பவர், வெளிமாநிலத்தவராக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் உறுதியான உரிமை இருந்து, அவர்கள் இங்கேயே வசித்தால் கலிஃபோர்னியா விடாது. அப்புறம் முக்கியமான கேள்வி: விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா? ஆகியிருந்தால், பழுத்த பழத்தை மரத்தோடு கொடுத்ததாகச் சொல்ல முடியாது. லாபம் உங்களுடையது என்றுதான் வரித்துறை வாதிடும்.

ஃப்ரீமான்ட்வாசி:
போன மாதமே கையெழுத்தாகிவிட்டது. டெக்சாஸிலும் மாநில வருமான வரி இல்லையே, அங்கே குடிபோனால்?

கணக்குப்பிள்ளை:
விற்பனை முடிவதற்கு முன்பு நிஜமாகவே போக வேண்டும். வீட்டம்மாவும் பள்ளிக்கூடமும் ஃப்ரீமான்ட்டில், நீங்கள் மட்டும் ஆஸ்டின் அபார்ட்மென்ட்டில் என்றால் எடுபடாது. ஆர்எஸ்யூ (வேலைக்காகக் கம்பெனி தரும் பங்குகள்) இருந்தால், இங்கே வேலை பார்த்த நாட்களுக்கான பகுதிக்கு எப்படியும் இங்கே வரி.

ஃப்ரீமான்ட்வாசி:
மகள் இப்போதுதான் பதினொன்றாவது. மனைவியிடம் கேட்டேன், "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்கிறாள். சரி, கட்டிவிடுகிறேன். எஸ்டிமேட்டட் டாக்ஸ் (முன்கூட்டியே கட்டும் வரி) எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்?