இன்ஃபில்ட்ரேஷன்: ஊடுருவலா, கசிவா, பொசிவா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழி சிவில் மாணவர்களுக்குக் கட்டடத்துள் காற்று பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வென்டிலேஷனுக்குக் காற்றோட்டம் இருக்கிறது, அதில் குறையில்லை. இன்ஃபில்ட்ரேஷனில்தான் நின்றுவிட்டேன். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, கதவின் அடியில், ஏசி குழாய்க்குப் போட்ட துளையைச் சுற்றி, யாரும் திட்டமிடாமல் உள்ளே வரும் காற்று அது. அதையும் காற்றோட்டம் என்றே எழுதினால் பாடம் குலைந்துவிடும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் கட்டடங்களின் இடுக்குகளை அடைத்தார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் வேண்டுமென்றே உள்ளே விடவேண்டிய வெளிக்காற்றையும் சேர்த்துக் குறைத்தார்கள். குளிர்சாதன, காற்றுப்பதனப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் காற்றோட்டத் தரநிலையில், 1981 பதிப்பில் குறைந்தபட்சம் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி போதும் என்றாயிற்று. அலுவலகங்களில் தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு என்று புகார்கள் பெருகின. 1989இல் அந்தக் குறைந்தபட்சத்தை 15 ஆக்க வேண்டியிருந்தது. இடுக்கை அடை, காற்றைக் கணக்கிட்டு விடு. இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்று மாணவர்களுக்குப் புரிய இரண்டு சொல் வேண்டும்.

'ஊடுருவல்' எனக்கு ஒட்டவில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு அந்தச் சொல்லை நீரியலில் ஏற்கெனவே படித்துவிட்டு வருகிறார்கள். உதவுங்கள்.

— ஆசிரியை, திருச்சி

* * *

அம்மா, வணக்கம்.

ஊடு, உருவு இரண்டும் சேர்ந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது. அம்பு ஊடுருவும். இந்தக் காற்று உள்ளே வந்து தங்குகிறது, ஆகவே பொருந்தாது.

என் பரிந்துரை 'புரைவளி'. புரை என்றால் துளை, உட்குழிவு. குற்றம் என்றும் பொருள். 'புரைதீர்ந்த நன்மை' என்று வள்ளுவர் சொல்வது குற்றமற்ற நன்மையை. கட்டுமானக் குறையால் உண்டான துளை வழியே வரும் வளி, அதாவது காற்று, என்னும்போது இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. உணவு தவறான வழியில் போனால் புரையேறியது என்கிறோம். உரிய வழியல்லாத வழியில் நுழைவது என்ற கருத்து அங்கேயும் இருக்கிறது பாருங்கள். இவ்வளவு பொருத்தமான வேரை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது?

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

* * *

ஐயா, உங்கள் விளக்கத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் 'புரை' என்றதும் என் தளத்தில் இருப்பவர்களுக்குக் கண்புரைதான் நினைவுக்கு வரும். கட்டடங்களின் மின்செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். வாசலில் விசிறி பொருத்திய திரையைக் கட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வைத்து, எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான ஜெர்மனியின் பாசிவ்ஹவுஸ் வரையறைப்படி அந்த அழுத்தத்தில் மணிக்கு 0.6 தடவைக்கு மேல் வீட்டுக்காற்று மாறக்கூடாது. இதை எலக்ட்ரீஷியனுக்கும் மேஸ்திரிக்கும் விளக்கும்போது நான் சொல்வது 'காற்றுக் கசிவு'. கேஸ் கசிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் தடுமாறுவதில்லை.

ஒரே எச்சரிக்கை: வெறும் 'கசிவு' என்று எழுதாதீர்கள். கட்டட வேலையில் கசிவு என்றால் தண்ணீர்தான். அடுத்த கேள்வி 'ஓதம் எங்கே அடிக்குது?' என்று வரும்.

— சென்னை

* * *

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிப் பாடங்களில் வளி என்பது அன்றாடச் சொல். வளி மாசடைதல் என்றுதான் படித்தோம், காபனீரொட்சைட்டும் (உங்கள் கார்பன் டை ஆக்சைடு) அப்படித்தான். வளி கடினம் என்று தமிழகத்து நண்பர்கள் பொதுவாகச் சொல்லும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. பழகினால் எந்தச் சொல்லும் இலகுதான்.

'பொசிவு' என்று யோசித்தீர்களா? 'நெல்லுக்கு இறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்' என்ற மூதுரை எல்லோருக்கும் மனப்பாடம். வாய்க்கால் வழி போவது காற்றோட்டம், நாம் நினைக்காமல் போவது வளிப்பொசிவு. ஆசிரியை கேட்ட பிரிவினை ஒரே பாட்டிலே கிடக்கிறது.

— யாழ்ப்பாணம்

* * *

பொசிவு அழகான சொல். ஆனால் ஔவையார் பாட்டில் பொசிவது நன்மை. சென்னையில் கதவிடுக்கு வழியே வரும் காற்று தூசியையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. அதிலுள்ள ஒரு கிலோ நீராவியை நீராக்க, ஏசி சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மின்கட்டணம் அங்கேதான் ஏறுகிறது.

— சென்னை

* * *

தொடர்புடைய ஒன்று. நெடுநல்வாடையில் கூதிர்க்காலத்து மாளிகை வருகிறது. வேனிலில் தென்வளி தந்த 'நேர்வாய்க் கட்டளை'யை, அதாவது சாளரத்தை, திறக்காமல் 'போர்வாய்க் கதவம் தாழொடு துறப்ப' (கதவைத் தாழிட்டுச் சாத்த) என்கிறார் நக்கீரர். போர்வாய் என்றால் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தும் வாய். காற்றுப் புகாத இணைப்புக்கு இதைவிடச் சிறந்த சொல் உண்டா? சிலம்பின் 'மான்கண் காலதர்' இருக்கிறது: கால் காற்று, அதர் வழி. சுவரின் உச்சியில் நாம் வைக்கும் வென்டிலேட்டருக்குக் காலதர் என்றே பெயரிடலாமே. மருத்துவமனைக் கருவிக்கும் வென்டிலேட்டர் என்றே பெயர் இருப்பதால் வரும் குழப்பமும் தீரும்.

— மதுரை

* * *

ஐயா, அந்தப் பகுதியை எடுத்துப் படித்தேன். அதே மாளிகையில் 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு', அதாவது அகன்ற வாயுடைய கணப்புச் சட்டியில் நெருப்பு, எரிகிறது. கதவை இறுகச் சாத்திய அறையில் தணல். இன்று அப்படிச் செய்தால் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்; அந்த மாளிகையில் அறை பெரிதாகவும் இடுக்குகள் நிறையவும் இருந்திருக்க வேண்டும். இதைப் பாடத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன். இன்றைய படுக்கையறைக்கும் இது பொருந்தும். ஸ்ப்ளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருக்கும் கரியமில வாயு, மூடிய அறையில் இருவர் தூங்கினால் விடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. 1858இலேயே மியூனிக்கில் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் நல்ல அறைக்காற்றுக்கு எல்லையாகச் சொன்னது அந்த ஆயிரம்தான்.

போர்வாயைத் தேர்வில் எழுதச் சொன்னால் பிள்ளைகள் போர்க்களத்துக்குப் போய்விடுவார்கள், ஐயா. காலதரைச் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.

'காற்றுக் கசிவு' என்று போடுகிறேன். உள்ளே வருவது உட்கசிவு, வெளியே போவது வெளிக்கசிவு. உள்ளே வந்த காற்றையே குறிக்கும் இடங்களில் 'கசிகாற்று'. வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ஆட்சேபம் இருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

— திருச்சி

* * *

காற்றுக் கசிவுக்கு என் ஆதரவு. அப்புறம், வெளியேறும் காற்றின் குளிர்ச்சியையும் வறட்சியையும் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் அந்தச் சக்கரத்துக்கு என்ன சொல்? 'வெப்ப மீட்புச் சக்கரம்' என்றால் ஈரம் விட்டுப்போகிறது.

— சென்னை

* * *

பெரும்பான்மைக்கு இசைகிறேன். ஆனாலும் எங்கள் பக்கத்து வாசகருக்காக அடைப்புக்குறிக்குள் வளிப்பொசிவு என்று ஒருதரம் போடுங்கள்.

— யாழ்ப்பாணம்

* * *

எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்யவேண்டும். கசிவது ஈரம். காற்று கசியாது, நுழையும். 'எல்லோரும் சொல்கிறார்கள்' என்பதே அளவுகோலானால் கலைச்சொல் குழுவே தேவையில்லை. பாடம் அச்சாகட்டும்; அடுத்த பதிப்புக்குப் புரைவளி பற்றித் தனிமடலில் விரிவாக எழுதுகிறேன். சக்கரத்துக்கு 'ஈரவெப்பமாற்றி' எப்படி?

— மதுரை