லைனருக்குத் தமிழில் என்ன சொல்வது? அணையாடை ஒத்துவராது, ‘உள்ளொற்றி’ சரிவருமா?

நண்பர்களுக்கு,

லைனருக்கு, அதாவது உடையின் உள்பக்கம் ஒட்டி சிறு ஈரத்தை எடுத்துக்கொள்ளும் மெல்லிய துண்டுக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்றுதான் ஒரே மூச்சில் படித்தேன். அணையாடை, உள்ளுறை, உறிஞ்சி, ஒற்றேடு, உள்ளொட்டி என்று ஐந்து சொற்கள் களத்தில் இருக்கின்றன. நான் தையலும் உடை வடிவமைப்பும் தெரிந்தவள், இலக்கணப் புலமை கிடையாது, சொற்புணர்ச்சியில் தவறு இருந்தால் திருத்திவிடுங்கள். ஆனால் பொருளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, ஏனென்றால் இங்கே பாதிப் பேர் மாதவிடாய் பேட் வேறு லைனர் வேறு என்பதையே கவனிக்காமல் சொல் தேடுவதாகத் தோன்றுகிறது.

> அணையாடை என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? "சிற்றணையாடை" என்றால் போயிற்று.

அணையாடை நல்ல சொல்தான். குழந்தைக்கு விரிக்கிற துணியிலிருந்து வந்து டயப்பருக்கும் நாப்கினுக்கும் அழகாகப் பொருந்திவிட்டது. அணை என்றால் மெத்தை, அணை என்றால் நீரைத் தடுத்து நிறுத்துவது, இரண்டுமே அங்கே உண்மை. டயப்பரின் வேலை நிறைய நீரை வாங்கி மணிக்கணக்கில் தேக்கி வைப்பது. லைனரின் வேலை அது இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம், தாங்குவது சில மில்லிலிட்டர். அக்குள் வியர்வை, பாலூட்டும் தாயின் மார்பில் கசியும் பால், கவட்டில் படும் ஈரம், தொப்பியின் நெற்றிப்பட்டையில் ஊறும் வியர்வை என்று எந்த இடமானாலும் அது தேக்க வரவில்லை. தோலிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்ளவும், அந்த ஈரம் உடையில் இறங்காமல் பார்த்துக்கொள்ளவும் வருகிறது. பெரிய அணையின் சின்ன வடிவம் என்று நினைத்து வடிவமைத்தால் பொருளே கெட்டுப்போகும். தடிமன் கூட்டுவீர்கள், உடை புடைக்கும், யாரும் அணியமாட்டார்கள். சொல்லிலும் அதே தவறுதான் நடக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லைனர் என்றதும் எல்லோரும் மாதவிடாயை மட்டுமே நினைத்துக்கொண்டு, அதனாலேயே பூசி மெழுகிய சொற்களைத் தேடுகிறார்கள். ஆடையின் அக்குளில் வைக்கும் வியர்வைத் தடுப்புத் துண்டுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன, துவைக்க முடியாத பட்டுச் சட்டைகளைக் காப்பாற்ற. நமக்கு வேண்டிய சொல் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும். எந்த உறுப்புக்கு என்பதை முன்னால் அடையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

> உள்ளுறை என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும். கையுறை, காலுறை, தலையணை உறை, ஆணுறை என உறை என்பது ஒன்றைச் சுற்றி மூடுவது. லைனர் எதையும் மூடவில்லை, துணியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓரமாகக் கிடக்கிறது. தையற்காரர்களின் லைனிங்கோடும் குழப்பம் வரும், அது உடையோடு சேர்த்துத் தைத்தது, கழற்ற முடியாதது.

உறிஞ்சி என்பதில் எனக்கு இருக்கும் சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. இதைச் சரியாகச் சொல்ல லைனரைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலில் படுவது டாப் ஷீட். பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் ஒட்டவைத்த மெல்லிய தாள், அல்லது துளையிட்ட பாலித்தீன் படலம். இதன் வேலை நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதல்ல, கீழே அனுப்பிவிடுவது. அதற்குக் கீழே மரக்கூழ்ப் பஞ்சு, அல்லது காற்றில் தூவிப் படியவைத்த கூழ்த்தாள். மேலடுக்கின் துளைகளைவிடக் கீழடுக்கின் துளைகள் நுண்ணியதாக இருந்தால்தான் நீர் தானாகக் கீழே இறங்கும், திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்துளை இழுக்கிறது. இந்த வரிசை தலைகீழானால் எவ்வளவு விலை உயர்ந்த பஞ்சு வைத்தாலும் தோல் ஈரமாகவே இருக்கும். சிலவற்றில் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் சேர்ப்பார்கள், அதுதான் உண்மையான உறிஞ்சி. தூய நீரில் போட்டால் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வாங்கும். வியர்வையும் சிறுநீரும் உப்புநீர் அல்லவா, 0.9% உப்புக் கரைசலிலேயே அது சுமார் 30 முதல் 50 மடங்கு என்று சுருங்கிவிடும். வெளியே உப்பு இருந்தால் உள்ளே நீரை இழுக்கும் சவ்வூடு அழுத்தம் குறைந்துவிடுகிறது, காரணம் அவ்வளவுதான். விளம்பரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிக் காட்டுவதை நம்பி வடிவமைப்பில் இறங்கினால் ஏமாற்றம்தான். மெல்லிய லைனர்கள் பலவற்றில் இந்தத் தூளே இருக்காது, தேவையும் இல்லை. ஆக, உறிஞ்சி என்ற சொல்லை அந்தத் தூளுக்கோ நடு அடுக்குக்கோ விட்டுவைப்போம். முழுப் பொருளுக்கும் அதைக் கொடுத்துவிட்டால் பிறகு உள்ளே இருப்பதற்குச் சொல் இருக்காது.

கீழே பேக் ஷீட். நீர் உடைக்குப் போகாமல் தடுக்கும் பாலித்தீன் படலம். வெறும் பாலித்தீன் என்றால் தோல் வெந்துபோகும். அதனால் படலத்தில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து இழுத்து நீட்டுகிறார்கள், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நுண்ணிய ஓட்டை விழும், அதன் வழியே நீராவி போகும், நீர்த்துளி போகாது. இதற்கு இங்கே ஒருவர் "மூச்சுவிடும் படலம்" என்று எழுதியிருந்தார். படலம் மூச்சுவிடவில்லை, ஆவியை விடுகிறது. ஆவிவிடு படலம் என்றே சொல்லலாமே.

> உள்ளொட்டி: உள்ளே ஒட்டுவதால்.

இதில் உண்மை இருக்கிறது, நான் முதலில் இதையே ஏற்றிருப்பேன். பேட் வரலாற்றில் பசை வந்ததுதான் பெரிய திருப்பம். முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டிய மரக்கூழ்ப் பஞ்சிலிருந்து 1920-இல் கோடெக்ஸ் என்ற பேட் வந்தது, ஆனால் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இடுப்புப் பட்டையும் கொக்கியும் ஊசியும்தான். 1970-ஐ ஒட்டித்தான் அடியில் பசை வைத்தவை கடைக்கு வந்தன. பசை இல்லாவிட்டால் இவ்வளவு மெல்லிய தாளை உடையில் நிறுத்தி வைக்கவே முடியாது.

இறுக்கமான உடையில் நிஜமான தலைவலியும் பசைதான். எலாஸ்டேன் என்ற நீளும் இழை கலந்த பின்னல் துணி எல்லாப் பக்கமும் நீளும், லைனர் நீளாது. உட்கார்ந்து எழும்போது துணி விரிந்து சுருங்க, இடையில் மாட்டிய லைனர் சுருண்டு கயிறு போல ஆகிவிடும், ஓரங்கள் பிரிந்து தோலில் ஒட்டும். அடி முழுக்கப் பசை பூசினால் இன்னும் மோசம், துணியின் நீட்சியையே கட்டிப்போடும். இரண்டு மூன்று தனிக் கோடுகளாகவோ புள்ளிகளாகவோ பூசினால் இடைப்பட்ட துணி தன் பாட்டுக்கு நீளும். பசை லைனரை விடாமல் பிடிக்க வேண்டும், துணியை இழுத்தால் விட்டுவிட வேண்டும். உடல் சூட்டில் இளகி இழைகளுக்குள் புகுந்துவிட்டால் உரிக்கும்போது கறை நிற்கும். வழவழப்பான நைலானில் பிடிக்காதது பருத்தியில் நன்றாகப் பிடிக்கும். நான் முதன்முதலில் வெட்டிய மாதிரி காகிதத்தில் பார்க்க அத்தனை அழகு, போட்டு நடந்து பார்த்தவர் அரை மணியில் கழற்றிக் கையில் கொடுத்தார், வெற்றிலைச் சுருள் மாதிரி இருந்தது. அதன் பிறகுதான் நடுவை ஒடுக்கி, மடிய வேண்டிய இடத்தில் அழுத்துக் கோடு போடக் கற்றுக்கொண்டேன்.

இருந்தாலும் உள்ளொட்டி என்றால் ஸ்டிக்கர்தான் நினைவுக்கு வருகிறது. எப்படி நிற்கிறது என்பதைச் சொல்கிறது, என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அதனால் நான் ஒற்று என்ற வேரின் பக்கம். மையொற்றும் தாள், கண்ணீரை ஒற்றி எடுத்தாள், ஒத்தடம் எல்லாம் இதே வேர்தான். மெதுவாகத் தொட்டு ஈரத்தை எடுத்துக்கொள்வது, துடைப்பதும் இல்லை பிழிவதும் இல்லை. இறுக்கமான உடை லைனரை எப்போதும் தோலோடு அழுத்திக்கொண்டே இருக்கும், அந்த அழுத்தத்தில் வாங்கிய நீரைத் திருப்பித் தராமல் இருப்பதுதான் தரம். சோதனையே ஒற்றித்தான் நடக்கிறது: நனைத்தபின் மேலே உலர்ந்த தாளை வைத்து, எடையை ஏற்றி, தாளில் எவ்வளவு ஈரம் ஏறியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். டாப் ஷீட்டுக்கு ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 9073-14 சோதனை இந்த வகைதான். நீர் எத்தனை நொடியில் உள்ளே போகிறது என்பதற்கு 9073-8. முன்னதை மீள்ஈரம், பின்னதை உள்வாங்கு நேரம் என்று எழுதிவருகிறேன்.

ஒற்றேடு என்ற பரிந்துரை ஒலிக்க அழகு, பாலேடு போல மெல்லியது என்ற பொருளும் கிடைக்கிறது. ஆனால் பதிவேடு, குறிப்பேடு, நாளேடு என்று பழகிய காதுக்கு ஒற்றேடு ஒற்றர் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம் போல இருக்கிறது, மன்னிக்கவும்.

என் பரிந்துரை: உள்ளொற்றி. வகைகள் அக்குள் உள்ளொற்றி, மார்பு உள்ளொற்றி, கவட்டு உள்ளொற்றி.

"டிஸ்போசபிள்" என்பதற்கு எறிதகு, களைந்தெறி இரண்டும் வேண்டாம். எறி என்றால் எங்கே என்ற கேள்வி வரும், கழிப்பறைக் குழியில் போடுகிறவர்கள் போடுவார்கள், உள்ளே தூள் இருந்தால் அது ஊதிக் குழாயை அடைக்கும். பாலித்தீனும் மக்காது. ஒருமுறை உள்ளொற்றி, துவை உள்ளொற்றி என்று இணையாக வைத்தால் எத்தனை முறை என்பது மட்டும் தெரியும், வீசச் சொல்வதாக இருக்காது.

அன்புடன்.

---

> என் பரிந்துரை: உள்ளொற்றி.

அம்மா, விளக்கம் அருமை, சொல்லை ஏற்கிறேன், இரண்டு தடை. ஒன்று, பேச்சில் ஒற்றி ஒத்தி ஆகும், ஒத்தி என்றால் வீட்டை அடமானத்துக்கு விடுவது. இரண்டு, உள்ளொத்தி, உள்ளொட்டி இரண்டும் அவசரத்தில் ஒன்றாகக் கேட்கும்.

---

ஐயா, முதல் தடைக்கு அஞ்சவில்லை, அக்குளை யாரும் அடமானம் வைப்பதில்லை. இரண்டாவது உண்மையான தடை. அதனால் அடியில் உள்ள பசைப் பகுதிக்கு ஒட்டி என்ற சொல்லை எங்குமே பயன்படுத்தாமல் பசைக்கோடு, பசைப்புள்ளி என்றே எழுதிவிடுகிறேன், உரிக்கும் காகிதம் உரிதாள். இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வராவிட்டால் குழப்பம் பாதி குறையும்.

இன்னும் சொல் கிடைக்காதது ஒன்று இருக்கிறது: இருபக்கமும் நீண்டு உடையின் ஓரத்தைச் சுற்றி மடியும் அந்தத் துண்டு. சிறகு என்று மொழிபெயர்க்க மனம் வரவில்லை, அது பறப்பதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு. பைக்குக் காது என்கிறோமே, அதை வைத்து மடிகாது என்று எழுதிப் பார்த்தேன், ‘மடியாது’ என்று யாரோ இறந்துபோகமாட்டேன் என்று சபதம் செய்வது போல வாசிக்க வருகிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.