‘முன்பனி’ வேண்டாம், ‘தலைப்பனி’ எப்படி?

வணக்கம்.

> பனிச்சறுக்குப் பருவம் தொடங்கும்போது பனிப்பலகையில் (ஸ்னோபோர்டு) சறுக்குவதை ‘முன்பனிச் சறுக்கு’ என்றே சொல்லலாமே, ஏற்கெனவே இருக்கிற சொல்தானே.

ஏற்கெனவே இருப்பதுதான் சிக்கல். முன்பனி என்றால் நமக்கு மார்கழி, தை. அமெரிக்காவின் கொலராடோவில் அரபாஹோ பேசின், லவ்லேண்ட் என்ற இரண்டு பனிச்சறுக்குத் தளங்களும் யார் முதலில் திறப்பது என்று போட்டி போடுவது பெரும்பாலும் அக்டோபர் நடுவிலோ கடைசியிலோ, அதாவது நம் ஊர் ஐப்பசி அடைமழையில். போதாததற்கு நம் முன்பனி புல்நுனியில் நிற்கிற ஈரம், அதில் எங்கே சறுக்குவது?

என் பரிந்துரை ‘தலைப்பனி’. தலைச்சன் பிள்ளை, தலைதீபாவளி மாதிரி. ‘தலையில் பனி இறங்குது, மஃப்ளர் கட்டு’ என்கிற அம்மாக் குரல் கேட்கும்தான், கேட்கட்டும்.

> வானத்திலிருந்தே விழாததைத் தலைப்பனி என்பது சரியா?

நல்ல கேள்வி. அக்டோபரில் நாங்கள் மிதிப்பது பெரும்பாலும் இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சி உண்டாக்கியது. அங்கே காற்று வறண்டிருப்பதால் வெப்பமானி சுழி டிகிரிக்குச் சற்று மேலே நின்றால்கூட, தெறிக்கிற துளியில் கொஞ்சம் ஆவியாகி மீதி குளிர்ந்து உறைந்துவிடும். ஆனால் ஆறு கை விரித்த படிகமாக இல்லை, குட்டிக் குட்டி உருண்டையாக. அதனால்தான் அவ்வளவு அடர்த்தி, லேசில் கரையாது, காலை ஒன்பது மணிக்கு சிமென்ட் தரை. பனிப்பலகைக்காரன் பின்பக்கமாக விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. இதைச் ‘செயற்கைப் பனி’ என்றால் படப்பிடிப்பில் தெர்மாகோல் தூவுவது போலிருக்கிறது, ‘பீச்சுப்பனி’ எனலாம். தலைப்பனி பருவத்தின் பெயர், பீச்சுப்பனி பொருளின் பெயர், இரண்டும் மோதாது.

அப்புறம் அந்த ஒரே தடம். மலை முழுக்கப் பழுப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அதில் ஊரே இறங்கும். அங்குள்ளவர்கள் கிண்டலாக ‘மரண வெள்ளை நாடா’ என்பார்கள். தமிழில் ‘ஒற்றையடிப் பனி’ போதும், ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இவ்வளவு தொல்லைக்கு ஏன் போகிறாய் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். ஆறு மாதம் பரணில் கிடந்த பலகையின் விளிம்பு முதல் வளைவில் தரையைக் கடிக்கும்போது, கால் மறக்கவில்லை என்று தெரிகிற அந்த ஒரு நொடிக்காகத்தான். மூன்றாவது சுற்றிலேயே தொடை நடுங்கும், லிஃப்டில் பக்கத்தில் இருப்பவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் புதுப் பலகையை எடுத்துப் போகாதீர்கள், மெல்லிய பனிக்கு அடியில் கல் இருக்கும். மழைக்குப் பழைய செருப்பு மாதிரி இதற்கென்று ஒரு பழையது வேண்டும். அதற்கு ‘கல்லடிப் பலகை’. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று இதற்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சொற்கள் கொச்சையாக இருப்பதாக வருத்தப்படுபவர்களுக்கு: 1965இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய, பனிப்பலகைக்கு முன்னோடியான பொருளுக்கு அவர் மனைவி வைத்த பெயர் ‘ஸ்னர்ஃபர்’. ஸ்னோவையும் (பனி) சர்ஃபரையும் (அலையில் சறுக்குபவர்) ஒட்டவைத்தார், அவ்வளவுதான், எந்தக் குழுவும் கூடவில்லை.

இன்னும் சொல் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. கல் கீறி, அடிப்பரப்பு கிழிந்து உள்ளே மரம் தெரிகிற காயத்துக்கு என்ன பெயர்? கொஞ்சம் அவசரம், நேற்று என் பலகையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று விழுந்திருக்கிறது. ஆம், புதுப் பலகையில்.