இந்தப் படத்தில் இருப்பது யார்? கொஞ்சம் சொல்லுங்களேன்

என் மகளுக்கு மூன்றரை வயசு. நேற்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படம் வரைந்து, "இது யாருன்னு சொல்லு" என்று நீட்டினாள். அப்போதிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பெரிய வட்டம், உள்ளே இரண்டு புள்ளி, வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால். உடம்பே இல்லை. அதுவரை புரிகிறது: 3, 4 வயதில் நிறையப் பிள்ளைகள் மனிதரை இப்படித்தான் தலைப்பிரட்டை மாதிரி வரைவார்கள், கைகூடத் தலையிலிருந்துதான் முளைக்கும். ஆக, ஆள்தான். ஆனால் உச்சந்தலையில் ஏழு கோடு, காலடியில் ஒரு பச்சைச் சுழி, ஓரமாகத் தனியே ஒரு குட்டி வட்டம். சுழி கொசுவர்த்தியோ என்று எனக்குச் சந்தேகம்.

"அப்பாவா?" என்றேன். முறைத்தாள். மாமியார் "பிள்ளையாரா?" என்றார், அழுகையே வந்துவிட்டது. (அவளுக்கு.) "நீயே சொல்லும்மா" என்றால், "உனக்குத் தெரியாதா?" என்கிறாள்.

இந்த வயசுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவள் மனம் கோணாமல் எப்படிக் கேட்டு வாங்குவது? சாயங்காலம் பால்வாடி விட்டு வந்ததும் மறுபடி கேட்பாள், அதற்குள் சொல்லுங்கள்.