1851 நேவி நகல்: ரெண்டு அறையில மட்டும் சிலிண்டர் பூட்டல

கேள்வி
இத்தாலியில செஞ்ச கோல்ட் 1851 நேவி ரிவால்வர் நகல், .36 காலிபர். ஹேமரை (அடிக்கிற சுத்தியல்) மெதுவா இழுத்தா, சிலிண்டரோட ஆறு அறையில ரெண்டுல மட்டும் ஃபுல் காக் (ஹேமர் சுடத் தயாரா நிக்கிற நிலை) பிடிச்ச பிறகும் சிலிண்டர் பூட்டல. விரலால லேசா தள்ளினா ‘டிக்’னு பூட்டுது. வேகமா இழுத்தா ஆறும் சரி. சிலிண்டரைச் சுத்தி ஒரு கோடும் விழுந்திருக்கு. போல்ட் (சிலிண்டரைப் பூட்டுற தாழ்) காலை அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாகுமா?

பதில் 1
அரத்தைத் தொடாதீங்க. போல்ட் சீக்கிரமே எழும்புறதாலதான் அந்தக் கோடு. போல்ட் கால் ஹேமர் கேமை (ஹேமர் பக்கத்துல இருக்கிற மேடு) விட்டு நழுவினதும் தலை மேல வரும். காலைத் தேய்ச்சா இன்னும் முன்னாடியே நழுவும், கோடு இன்னும் நீளும். தாமதமா எழும்புற போல்ட்டுக்குத்தான் அரம். சீக்கிரம் எழும்பினா புது போல்ட் வாங்கிப் பொருத்தணும். சிலிண்டர்ல போல்ட் விழுற பள்ளத்துக்கு ஏறக்குறைய ஒரு போல்ட் அகலம் முன்னாடி தலை சிலிண்டரைத் தொட்டா அது சரியான அளவு.

ரெண்டு அறை பூட்டாதது தனிக் கோளாறு. வேகமா இழுக்கும்போது சிலிண்டர் ஓடுற ஓட்டத்துலயே மிச்ச தூரத்தைத் தாண்டிடும், அதான் தெரியல. ஆறுமே பூட்டாம நின்னுட்டா ஹாண்ட் (சிலிண்டரைத் தள்ளிச் சுத்துற பாகம்) குட்டைனு சொல்லலாம். ரெண்டு மட்டும்னா முதல்ல ராட்செட் பல்லை (சிலிண்டர் பின்பக்கம் ஹாண்ட் தள்ளுற பல்) சந்தேகப்படுங்க.

பதில் 2
அதுக்கும் முன்னாடி, பேரலை (குழலை) இறுக்கிப் பிடிக்கிற ஆப்பைப் பாருங்க! ரொம்ப உள்ள அடிச்சிருந்தா பேரல் சிலிண்டர் முகத்துல உரசும், இழுவையைப் பார்த்துட்டு டைமிங் (பாகங்கள் அசையுற நேரக் கணக்கு) கோளாறுனு நினைச்சுடுவோம். ஆறு அறையும் காலி, நிப்பிள்ல (அறைக்குப் பின்னால இருக்கிற முளை) கேப் (மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி) இல்லைனு பார்த்துட்டு, ஆப்பைக் கொஞ்சம் வெளிய தட்டி மறுபடி இழுங்க. சரியாப் போனா நடுத்தண்டு (சிலிண்டர் சுத்துற அச்சு) குட்டை. சிலிண்டரைக் கழட்டிட்டு, பேரலைச் சாய்வாத் திருப்பித் தண்டுல கடைசிவரை தள்ளுங்க. பேரலோட கீழ்மூக்கு ஃபிரேம் முகத்தைத் தாண்டி எவ்வளவு போகுதோ, தண்டு அவ்வளவு குறை.

அப்புறம் குழல் முனையை மேல பார்க்க வெச்சு இழுங்க, கீழ பார்க்க வெச்சும் இழுங்க. மேல வெச்சா மட்டும் சிலிண்டர் நகரலேன்னா ஹாண்ட் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு. இந்த மாடல்ல அது சகஜம். வெடிச்ச கேப் துணுக்கு உள்ள விழுந்து சிக்கியிருக்கானும் பாருங்க.

கேள்வி கேட்டவர்
ஆப்பைத் தளர்த்தியும் அதே ரெண்டு அறைதான். ஹாண்டை நீட்டலாமா?

பதில் 1
நீட்டலாம், ஆனா அந்த ரெண்டு அறைக்கு அளவு சரியானா மத்த நாலுக்கும் கூடிடும். சிலிண்டர் பூட்டின பிறகும் ஹாண்ட் தள்ளும். ஹேமர் ஃபுல் காக்குக்கு வராம இறுகி நிக்கும். பலவந்தமா இழுத்தா போல்ட்டும் பள்ளத்து ஓரமும் சிதையும். அதனால நீளமான ஹாண்ட் போட்டு, மார்க்கரால நம்பர் எழுதி, அப்படி இறுகுற அறையோட பல்லை மட்டும் சன்ன அரத்தால ஒவ்வொரு இழுப்பா எடுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் மாட்டிப் பாருங்க. பல்லைக் கூடுதலா எடுத்துட்டா சிலிண்டரையே மாத்தணும்.

பூட்டாம சுட்டா ஈயம் பேரல் விளிம்புல சீவுப்பட்டுப் பக்கவாட்டுல தெறிக்கும். சரிபண்ணும் வரை வெடிமருந்து போடாதீங்க.